எந்த வாசல், எந்தத் தேதி: குமரியிலிருந்து காலநிலைக் கொள்கைக்காக இணையத்தில் திரள்வது

கேள்வி இது: "நாங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள், இருபது பேர் அளவில் இருக்கிறோம். பாதிப்பேர் வளைகுடாவிலும் சென்னை, பெங்களூருவிலும் வேலையில். மீதிப்பேர் தக்கலை, கருங்கல், தூத்தூர் பக்கம். வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. இணையம் வழியாகவே தன்னார்வலர்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, காலநிலைக் கொள்கைக்காக அரசிடம் பேச முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும். ஆனால் என்ன பயிற்சி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இணையத்தில் நடக்கும் காலநிலைப் பயிற்சிகள் பலவும் ஒரே தடத்தில் ஓடும். கரியமில வாயு, உருகும் பனிப்பாறை, பாரிஸ் ஒப்பந்தம், கடைசியில் "எல்லோரும் சேர்ந்து குரல் கொடுப்போம்". யாரிடம் குரல் கொடுப்பது, எந்தத் தாளில், என்றைக்கு என்ற பேச்சே வராது. ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30-ஐ நடுக்கடலில் கழித்த வள்ளவிளைக்காரருக்கு, கடல் பழைய கடலாக இல்லை என்று ஸ்லைடு போட்டு விளக்க வேண்டியதில்லை. கன்னிப்பூப் பருவ நெல்லுக்கு நாற்றங்கால் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தேரூர் விவசாயிக்கும் வேண்டியதில்லை. அவர்கள் காதுக்கு எட்டாத செய்தி வேறு. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் ஒரு காலநிலை மாற்ற இயக்கம் உண்டு. அதன் இயக்குநர் மாவட்ட ஆட்சியர், காலநிலை அலுவலர் மாவட்ட வன அலுவலர். உங்கள் பயிற்சி இந்த மாதிரிச் செய்தியிலிருந்து தொடங்கட்டும்.

கொள்கை என்றதும் டெல்லியும் ஐ.நா. மாநாடும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2070-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, 2030-க்குள் உமிழ்வுச் செறிவை (பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு அலகுக்கும் வெளியேறும் வாயுவின் அளவை) 2005-ஆம் ஆண்டு அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்பது என்பதெல்லாம் அங்கே எடுத்த முடிவுகள். அதை நாகர்கோவிலில் இருந்துகொண்டு இருபது பேர் அசைக்கப் போகிறோம் என்று கிளம்பினால் ஆறு மாதத்தில் குழு கலைந்துவிடும். மாநிலத்திலும் மாவட்டத்திலும் கை எட்டும் தூரத்திலேயே நிறைய இருக்கிறது. 2021-ல் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் பெயரிலேயே காலநிலை மாற்றம் சேர்ந்தது. பிறகு தமிழ்நாடு பசுமைக் காலநிலை மாற்ற நிறுவனம் வந்தது. 2022-ல் முதலமைச்சர் தலைமையில் உயர்மட்டக் குழுவும், அதே ஆண்டு கடைசியில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கமும் வந்தன. இவற்றில் உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது மாவட்ட அளவில் இருப்பதுதான். அது கடைசியாக எப்போது கூடியது, என்ன திட்டம் தீட்டியிருக்கிறது, எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மூன்றே கேள்வி எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்தால் அதை வைத்து முதல் வகுப்பு நடத்தலாம். வராவிட்டால் மேல்முறையீடு எழுதுவது எப்படி என்பதே முதல் வகுப்பு.

வெளிநாட்டு முன்மாதிரிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் சிட்டிசன்ஸ் கிளைமேட் லாபி என்று ஓர் அமைப்பு, 2007-ல் மார்ஷல் சாண்டர்ஸ் என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கியது. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் சாதாரண ஆட்களைத் தொலைபேசியையும் இணையத்தையும் வைத்தே பழக்கி, மக்கள் பிரதிநிதியின் எதிரில் உட்கார்ந்து பேச வைத்தவர்கள். மாதம் ஒருமுறை எல்லாக் கிளைகளும் ஒரே அழைப்பில் சேரும். விஷயம் தெரிந்த ஒருவர் பேசுவார். இதற்கு மேல் அவர்கள் செய்யும் ஒரு காரியத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்: ஒன்றிரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய சிறு பேச்சை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறார்கள். லேசர் டாக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு விதிகள் கறாரானவை. கட்சி பேசக் கூடாது. சந்திப்பின் தொடக்கத்தில், அந்தப் பிரதிநிதி உண்மையிலேயே செய்த ஒரு நல்ல காரியத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவர்களுடைய கோரிக்கையை, அதாவது கரிமக் கட்டணம் வசூலித்து அந்தப் பணத்தைக் குடும்பங்களுக்கே திருப்பிக் கொடு என்பதை, அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். அங்கே ஒரு உறுப்பினர் கட்சியை மீறி வாக்களிக்கலாம். இங்கே கட்சித்தாவல் தடைச் சட்டம் இருப்பதால் கொறடா சொன்னபடிதான் கை உயரும். ஆகவே நம் எம்.எல்.ஏ.விடம் போய் "இந்தச் சட்டத்தை ஆதரியுங்கள்" என்று கேட்பதில் பெரிய பலன் இல்லை. அவரால் தனியாகச் செய்யக்கூடியவற்றைக் கேளுங்கள். சட்டமன்றத்தில் ஒரு கேள்வி, ஆட்சியருக்கு ஒரு கடிதம், தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒரு வேலை. முக்கியமாக, துறைகளின் மானியக் கோரிக்கை விவாதத்தில் தொகுதியைப் பற்றிப் பேச அவருக்கு எப்போதும் சரக்கு தேவைப்படும். இரண்டு பக்கத்தில், ஊர்ப் பெயர்களோடு, படித்தாலே பேச்சாகிவிடும்படி எழுதிக் கொடுத்தால் அது அவைக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. எம்.பி.யிடம் மக்களவையில் எழுத்துபூர்வப் பதில் வாங்கும் கேள்வியைக் கேளுங்கள். அமைச்சகம் எழுத்தில் கொடுத்த பதில் பிற்பாடு நீதிமன்றம் வரைக்கும் பயன்படும்.

குமரிக்கு என்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வெளி மாவட்டத்துப் பயிற்சியாளர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. "கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்" என்பார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை. நல்ல வழிதான். ஆனால் 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகரவாசிகள். பார்ப்பதற்கு எல்லாம் தென்னந்தோப்பும் ரப்பர் விளையும் வாழையுமாகக் கிராமம் மாதிரி இருக்கும்; பதிவேட்டில் பேரூராட்சி. ஐம்பது அளவில் பேரூராட்சிகள், ஒரு சில நகராட்சிகள், ஒரு மாநகராட்சி, நூற்றுக்கும் குறைவான ஊராட்சிகள். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. அங்கே 2022-ல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும்தான். அது கூடுகிறதா என்று உங்கள் கவுன்சிலரைக் கேட்டால், பல இடங்களில் அவரே உங்களைத் திருப்பிக் கேட்பார். அதனால் குழுவில் சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை, தன் வீடு எந்த உள்ளாட்சியில், எந்த வார்டில், எந்தத் தொகுதியில், எந்தத் தாலுகாவில் வருகிறது என்று எழுதிக் கொடுப்பது. துபாயில் இருப்பவரும் சொந்த ஊர் விலாசத்தை வைத்து எழுதட்டும். ஊராட்சியா பேரூராட்சியா என்பது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலும் எதிரொலிக்கும். 2019 அறிவிக்கையில் கட்டடங்கள் நெருங்கிய நகரப் பகுதி ஒரு வகை, ஊரகம் இன்னொரு வகை. ஊரகத்திலும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் கட்டுமானத் தடை எல்லை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கிவிடும். அலை வீட்டு வாசலுக்கு வரும் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல.

சரி, பேசிப் பழக எந்தக் கோரிக்கையை எடுப்பது? நானாக இருந்தால் கள்ளக்கடலில் தொடங்குவேன். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயலில் பிறக்கும் நெடிய அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுவதைத்தான் கடப்புறத்தில் அப்படிச் சொல்கிறார்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கை தருகிறது. 2024 மே மாதத் தொடக்கத்திலும் தந்தது. ஆனாலும் மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் ஐந்து பேர் அலையில் போய்விட்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள். அப்போது கோரிக்கை என்ன? மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். எச்சரிக்கை வந்த ஒரு மணி நேரத்துக்குள் மாவட்டத்தின் எல்லாக் கடற்கரை நுழைவிலும் கொடியும் ஒலிபெருக்கி அறிவிப்பும் வர வேண்டும், எந்தக் கடற்கரைக்கு எந்த அலுவலர் பொறுப்பு என்ற பட்டியலை வெளியிட வேண்டும். அவ்வளவுதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும், மீனவர் குறைதீர்க்கும் நாளில் பேச்சாகவும் இதை வைக்கலாம்.

இதைப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. கள்ளக்கடல் காலநிலை மாற்றத்தால் வந்தது என்று சொல்லிவிடாதீர்கள். நம் பாட்டன் காலத்திலும் அது இருந்தது. பெயரே அதற்குச் சாட்சி. கடல் மட்டம் உயர்ந்து, கரை அரித்துப் போன பிறகு அதே அலை கூடுதல் தூரம் உள்ளே வரும் என்பதே சரியான வாதம். குளச்சலில் ஒரு மூத்த மீனவர் எழுந்து "இது எப்பவும் உள்ளதுதானே மக்கா" என்று ஒரு வார்த்தை கேட்டால் உங்கள் ஸ்லைடு மொத்தமும் விழுந்துவிடும். அப்படிக் கேட்கக்கூடிய ஒருவரைப் பயிற்சியில் முதல் நாளே உட்கார வைப்பது நல்லது.

ஒத்திகையை இப்படி நடத்துங்கள். ஒருவர் ஆட்சியர், ஒருவர் அவருடைய நேர்முக உதவியாளர், இரண்டு பேர் மனுதாரர்கள். ஆட்சியராக நடிப்பவர் மூன்றாவது நிமிடத்தில் போனை எடுத்துப் பேசத் தொடங்க வேண்டும். உண்மையில் அப்படித்தான் நடக்கும். மிச்சமிருக்கும் அரை நிமிடத்தில் கோரிக்கையைச் சொல்லி, மனு எண்ணை வாங்கிக்கொண்டு, திரும்ப எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு எழ முடிகிறதா என்று பாருங்கள். முதல் தடவை யாராலும் முடியாது. எல்லோரும் பாரிஸ் ஒப்பந்தத்தில் தொடங்கியிருப்பார்கள்.

இனி கடினமான பகுதிக்கு வருகிறேன். காலநிலைக் கொள்கை என்று குமரியில் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் மணல் வந்து நிற்கும். மணவாளக்குறிச்சியில் ஒன்றிய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். பல ஆண்டுகளாகக் கடற்கரை மணலைப் பிரிக்கிறது. அந்த மணலில் மோனசைட் உண்டு. மோனசைட்டில் தோரியமும் அருமண் தனிமங்களும் உண்டு. மின்சாரக் கார் மோட்டாருக்கும் ஒரு வகைக் காற்றாலைக்கும் வேண்டிய நிரந்தரக் காந்தம் அந்த அருமண்ணிலிருந்துதான் வருகிறது. கிள்ளியூர் தாலுகாவின் கடலோர ஊர்களில் புதிதாகச் சுரங்கம் தோண்டும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1-ஆம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே தள்ளிவைத்தார்கள். 2025 செப்டம்பரில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விலக்கு அளித்து ஒரு குறிப்பாணை போட்டது. அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

அப்படியென்றால் சென்னையிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் "பசுமை ஆற்றலுக்கு வேகமாக மாறு" என்ற முழக்கத்தைத் தூத்தூரில் போய் அப்படியே சொன்னால், அது எங்கள் மண்ணைத் தோண்டு என்பதாகத்தான் கேட்கும். இன்னொரு பக்கம் முப்பந்தலில், ஆரல்வாய்மொழிக் கணவாயில், நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய சின்ன இயந்திரங்களை மாற்றிப் பெரியவை வைக்க மாநில அரசு 2024-ல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஏற்கெனவே காற்றாலை நிற்கும் இடத்திலேயே கூடுதல் மின்சாரம் எடுப்பதை உங்கள் குழு ஆதரிக்கலாம். பழைய இறக்கைகளை என்ன செய்வார்கள் என்று கேட்கவும் செய்யலாம். என் கருத்தைக் கேட்டால், குமரிக் குழுவின் நிலைப்பாடு இதுதான்: ஆற்றல் மாற்றம் வேண்டும், அந்த மாற்றத்தின் பெயரால் கருத்துக்கேட்பை வெட்டக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகாத தன்னார்வலரை ஊருக்குள் அனுப்பாதீர்கள்.

கருத்துக்கேட்பு எஞ்சியிருக்கும் திட்டங்களுக்கு நடைமுறையைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நிர்வாக நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். கூட்ட முடிவில் பதிவான கருத்துகளைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். இவ்வளவு இருந்தும் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகக் கணக்கு. புறக்கணிப்போம் என்று வீராப்பாக வீட்டில் இருந்துவிட்டால், பதிவேட்டில் எதிர்ப்பே இருக்காது. எழுத்தில் முன்கூட்டியே அனுப்பும் ஆட்சேபமும் கணக்கில் வரும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இங்கேதான் வேலை. ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் திட்ட விண்ணப்பங்கள், அறிக்கைகள், நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகள் எல்லாம் கிடக்கின்றன. நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். விடுமுறை நாளில் ஆளுக்கு ஐம்பது பக்கம் பிரித்துக்கொண்டு படித்து, தங்கள் ஊர்ப் பெயர், நீர்நிலை, மீன்பிடித் துறை வரும் இடங்களைத் தமிழில் எடுத்துக் கொடுத்தால், உள்ளூர்க்காரர்கள் கூட்டத்தில் பக்க எண்ணோடு பேசுவார்கள். பக்க எண்ணைச் சொல்லிப் பேசுபவரை அதிகாரிகள் வேறு மாதிரி கவனிப்பார்கள்.

இணையத்தில் திரண்டு என்ன சாதிக்க முடியும் என்பதற்கு 2020 நல்ல உதாரணம். கொரோனா ஊரடங்கில் அதே அறிவிக்கையை மாற்றும் வரைவு வந்தது. கருத்துக்கேட்பு அறிவிப்புக் காலத்தை 30-லிருந்து 20 நாளாகக் குறைப்பதும் அதில் ஒன்று. தெருவில் இறங்க முடியாது. இளைஞர்கள் காணொளி வகுப்பு நடத்தி, வரைவைப் பிரித்து விளக்கி, மின்னஞ்சல் அனுப்பப் பழக்கினார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் கருத்துச் சொல்லும் காலத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டி, அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்கச் சொன்னது. லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. அதே ஜூலையில் ஃபிரைடேஸ் ஃபார் ஃபியூச்சர் இந்தியா உள்ளிட்ட சில குழுக்களின் இணையதளங்கள் முடக்கப்பட்டதும் நடந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், இணையத்தில் பகிர்ந்த ஒரு ஆவணத்துக்காக பெங்களூருவின் இளம் காலநிலைச் செயற்பாட்டாளர் திஷா ரவி கைதாகி ஜாமீனில் வந்தார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பொது ஆவணத்தில் யார் எழுத உரிமை, யார் திருத்த உரிமை என்று முதலிலேயே வரையறுத்துவிடுங்கள். எழுதும் எதையும் ஒரு காவல் ஆய்வாளர் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். அப்படி எழுதினால் கோரிக்கையும் தெளிவாகும்.

ஆள் சேர்ப்பது பற்றி. குமரியில் கடற்கரை ஊர் ஒன்றில் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப்பேரவையும் அன்பியங்கள் என்ற குடும்பக் குழுக்களும் தலையாட்டிவிட்டால் ஒரே நாளில் நூறு எண்கள் குழுவில் ஏறிவிடும். சுலபம், ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் உங்கள் மனு "சர்ச் மனு" என்று பெயர் வாங்கும். இனயம் துறைமுகத்துக்கு 2016-ல் ஒன்றிய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்த பிறகு, வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் மாவட்டமே இரண்டாகப் பிரிந்து பேசியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கையெழுத்துப் போடும் முதல் ஐந்து பேரில் ஒருவர் கடப்புறம், ஒருவர் பழையாற்றுப் பாசன விவசாயி, ஒருவர் குலசேகரம் பக்கத்து ரப்பர்க்காரர், இருவர் மகளிர் சுயஉதவிக் குழுவினர் என்று இருக்கட்டும். ரப்பர்க்காரர்தான் கடைசியில் வருவார். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், சூழல் உணர்திறன் மண்டலம் என்று வனத்துறையோடு அவருக்கு நீண்ட கணக்கு இருக்கிறது. சூழல் என்று சொன்னாலே தன் விளையில் மரம் வெட்ட விடமாட்டார்கள் என்று நினைப்பார். அவர் பேச்சைக் கேட்க ஒரு கூட்டம் முழுவதையும் ஒதுக்குங்கள், உங்கள் ஸ்லைடு எதுவும் இல்லாமல்.

நேரமும் கருவியும். விசைப்படகுத் தொழிலாளர்களை மீன்பிடித் தடைக்காலத்தில் பிடியுங்கள். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம் என்பது வெளியூர் ஒருங்கிணைப்பாளர் யாருக்கும் தெரியாது. மாலை ஏழு மணி கூட்டம் வேண்டாம். பல வீடுகளில் ஜெப நேரம். இரவு எட்டரை சரியாக இருக்கும்: துபாயில் ஏழு, சவுதியில் ஆறு. இலவச ஜூம் 40 நிமிடத்தில் தானாகவே அறுந்துவிடும். காசு கட்டி நீட்டிக்காதீர்கள், நம்மவர்கள் பேசத் தொடங்கினால் அந்த ஒரு கடிவாளம்தான் மிச்சம். வராதவர்களுக்கு மூன்று நிமிடக் குரல் பதிவு போதும். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள ஊர்களில் காணொளி இறங்காது, குரல் பதிவு இறங்கிவிடும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கணக்கில் வராது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் அனுப்பினால் வரும். ஆகையால் லண்டன் சித்தப்பா நூறு பவுண்டு தருகிறேன் என்றால் நன்றி சொல்லி வேண்டாம் என்றுவிடுங்கள். அவருக்குப் பரிவேஷில் ஐம்பது பக்கம் ஒதுக்கிக் கொடுக்கலாம். தொடக்கத்தில் ஸ்டாம்ப், ஜெராக்ஸ், நாகர்கோவிலுக்குப் பஸ் டிக்கெட் என்பதைத் தாண்டி உங்களுக்குச் செலவே இருக்கப் போவதில்லை.